சம்பளம் தெரியாத உளவாளி

அத்தியாயம் 9

"உண்மையைச் சொன்னா, நாகர்கோவில்காரங்க தர்றேன்னு சொன்னதைவிட இங்க சம்பளம் குறைவுதான் மேடம்," என்றார் சிவபிரசாத், பாளையங்கோட்டையில் தன் புது வீட்டு முன்னறையில் உட்கார்ந்து.

காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன சத்தியபாயின் கை பாதியில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய உதவியாளன் ஷைஜு மிக்சர் மெல்லுவதை நிறுத்தினான். மிக்சர் விஷயத்தில் அவன் அவ்வளவு எளிதில் நிற்கிறவன் அல்ல.

"குறைவா?"

"மாசத்துக்கு இருபதாயிரம் குறைவு."

வழக்கு கையில் வந்த நாள் முதல் அவள் மனதில் கட்டி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பொலபொலவென்று உதிர்ந்தது.

கோட்டாற்றுக் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் சத்தியபாய். வருவதெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. இது வேறு மாதிரி. தென்மாவட்டங்களில் ஆறு ஊர்களைச் சேர்த்து ஒரு பேஸ்பால் லீக் தொடங்கியிருந்தார்கள். அதில் 'நாஞ்சில் விண்ட்மில்ஸ்' அணியை வாங்கியவர் குலசேகரத்து ரப்பர் வியாபாரி நாராயணபெருமாள். பேஸ்பாலில் மேனேஜர் என்றால் ஆபீசில் உட்காருகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு யார் பந்தெறிய வேண்டும், யார் அடிக்க வேண்டும், யார் எப்போது ஓட வேண்டும் என்று ஆட்டத்தையே நடத்துகிறவர் அவர். அப்படிப்பட்ட மேனேஜரைத் தேடிப்பிடித்து, சம்பளம் பேசி, வேலைக்கு வைக்கிறவர் ஜெனரல் மேனேஜர். விண்ட்மில்ஸின் ஜெனரல் மேனேஜர் செல்வதாஸ். தோஹாவில் ஒரு விளையாட்டரங்கில் நல்ல வேலையில் இருந்தவர், இந்த அணிக்காக அதை உதறிவிட்டு ஊருக்கு வந்து, கடன் வாங்கி வீடும் கட்டிக் குடியேறியிருந்தார்.

அவர் பேசி முடித்த மேனேஜர்கள் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, கையெழுத்துப் போடும் நேரத்தில் பாளையங்கோட்டை அணிக்குப் போய்விட்டார்கள். முதலில் முருகதாஸ், அடுத்து சுஜின், இப்போது இந்தச் சிவபிரசாத். 'நாம பேசின சம்பளம் வெளிய போகுது. அதுக்கு மேல ஒரு துண்டப் போட்டு அவன் ஆளத் தூக்குகான்' என்றார் முதலாளி. அந்த மேனேஜர்களை விட்டால், பேசிய சம்பளம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், முதலாளியும் செல்வதாசும். முதலாளி தன் வீட்டுக்குத் தானே கன்னம் வைக்க மாட்டார் என்றால் மிச்சம் ஒரே பெயர். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தப் பெயரை உறுதிசெய்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று புதன்கிழமை.

சத்தியபாயை உறுத்தியது வேறொன்று. 'ஒரு துப்பறியும் ஆளை வச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி' என்று முதலாளியிடம் சொன்னதும், அவள் பெயரை எடுத்துக் கொடுத்ததும் செல்வதாஸ்தான். குற்றவாளி தானே போலீசை அழைப்பது கதைகளில் நடக்கும். செல்வதாசுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"குறைச்ச சம்பளத்துக்கு ஏன் சார் வந்தீங்க?"

சிவபிரசாத் தரையைக் காட்டினார். "இதுக்காக. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. மதுரையில மாடிவீடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நாற்காலியோட தூக்கித்தான் இறக்கணும். ஒவ்வொரு தடவையும் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்குவாங்க. இந்த ஊர் ஜெனரல் மேனேஜர் எபின் போன் பண்ணினார். சம்பளமே பேசல. 'உங்கம்மாவுக்குக் கீழ்வீடு பார்த்து வெச்சிருக்கேன், வாசல்ல ஒரு படிகூட இல்ல, வந்து பாருங்க'ன்னார்."

"அம்மா விஷயம் எபினுக்கு நீங்க சொன்னதா?"

"இல்லயே. அதான் எனக்கும் ஆச்சரியம். செல்வதாஸ் சார் வீட்ல சாப்பிடும்போது சொன்னேன். அவர் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடாம வேலைக்கு எடுக்க மாட்டாராம். அவங்க வீட்டம்மாதான் மீன் வெச்சுக்கிட்டே கேட்டாங்க, அம்மா எப்படி இருக்காங்கன்னு. வேற யாருகிட்டயும் நான் வாய் திறக்கல."

திரும்பும் வழியில் ஷைஜு காரை ஓட்ட, சத்தியபாய் மற்ற இரண்டு பேருக்கும் போன் செய்தாள். முருகதாசுக்கு இரண்டு அணியிலும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் வருஷ நடுவில் மகளுக்குப் பிளஸ் ஒன் சேர இடம் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார், பாளையங்கோட்டைக்காரர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். சுஜினின் மனைவி நர்ஸ். கணவன் எங்கே போனாலும் அங்கே அவளுக்கும் வேலை வேண்டும். அதையும் அவர்களே பார்த்துக் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் செல்வதாஸ் வீட்ல சாப்பிட்டிருக்கினும்," என்றாள் போனை வைத்துவிட்டு.

"அப்பிடின்னா மீன்கொழம்புதான் குற்றவாளி," என்றான் ஷைஜு. மஸ்கட்டில் ஒன்பது வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவன். பேச ஆளில்லாமல் அங்கே அடக்கி வைத்த பேச்சையெல்லாம் இங்கே சத்தியபாயிடம் இறக்கிக்கொண்டிருந்தான். "யக்கா, எனக்கு ஒரு சந்தேகம். ஒம்பது பேரு வெளையாடுகான். அவனுவள மேய்க்க ஒரு மேனேஜரு. மேனேஜர மேய்க்க ஒரு ஜெனரல் மேனேஜரு. அவர மேய்க்க மொதலாளி. மொதலாளி கண்டுபிடிக்க நம்மள வச்சிருக்காரு. இதுல பந்தை அடிக்கிறவனுக்கு என்ன யக்கா மிஞ்சும்?"

ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. விண்ட்மில்ஸின் மைதானம் இங்கேதான். இறக்கைகள் சுழலும் கம்பங்களுக்கு நடுவே செம்மண் திட்டு தெரிந்தது.

"ஷைஜு, ஒருத்தன் பீரோவ ஒடைச்சுத் தொறக்கான். பணம் இருக்கு, நகை இருக்கு. அதயெல்லாம் விட்டுட்டு மருந்துச் சீட்ட மட்டும் எடுத்துட்டுப் போவானா?"

"போவான். வயித்துவலி களவாணியா இருந்தா."

"நம்ம ஆளு அதான் செஞ்சிருக்கான். சம்பளம் அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா எபின் குறைச்சா சொல்லுவாரு? மகளுக்க படிப்பு, பொண்டாட்டிக்க வேல, அம்மைக்க முட்டு. சங்கடம் மட்டுந்தான் வெளிய போயிருக்கு. பேரோட, ஊரோட, அப்படியே போயிருக்கு. பைசா மட்டும் போகல்ல."

"சங்கடத்த வித்து யாருக்கு என்ன லாபம்?"

"விக்கல்ல மக்கா." சத்தியபாயின் குரல் தணிந்தது. சொல்லும்போதே அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. "நம்ம ஊர்ல ஆளுக்க பேரையும் நோவையும் பத்துப்பேரு கேக்கச் சொல்லி, சம்பளத்த மட்டும் வாய்க்குள்ள வச்சுக்கிடுற எடம் ஒண்ணுதான் உண்டு. வண்டிய செல்வதாஸ் வீட்டுக்கு விடு."

"அவரு ஆபீஸ்லல்லா இருப்பாரு?"

"அவரு வேண்டாம். இன்னைக்கு புதன். மூணு மணிக்கு அவருக்க பொண்டாட்டி ரெனிஷா நடத்துத பெண்கள் ஜெபக்கூட்டம்."

*

செல்வதாசின் புது வீட்டு முன்னறையில் பாய் விரித்து ஒரு பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஷைஜு வாசலோடு நின்றுகொண்டான். "நான் கத்தோலிக்கன் யக்கா. எங்களுக்கு அச்சடிச்ச ஜெபந்தான் பழக்கம். சொந்தமா ஜெபிக்கச் சொன்னா எனக்கு நாக்கு மேல ஒட்டும்."

செல்வதாசின் மனைவி ரெனிஷா ஓடிவந்து சத்தியபாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எத்தற தடவ விளிச்சிருப்பேன்! இன்னைக்காவது வந்தியளே யக்கா!"

அந்தக் கைகளின் சூடு சத்தியபாயைக் கூசவைத்தது. பாயில் ஓரமாக இடம்பிடித்தாள். நடுவில் சின்ன மேசை மேல் வேதபுத்தகம், அதன்மேல் சாய்த்து வைத்த செல்போன், ஸ்பீக்கரில்.

"கட்டிக்குடுத்த பிள்ளையளெல்லாம் இதுலதான் வருவினும்," என்று கிசுகிசுத்தாள் ரெனிஷா. "பெங்களூரு, மஸ்கட்டு, பாளையங்கோட்டை... சபைய விட்டுப் போனாலும் புதன்கிழமைய விட மாட்டாளுவ."

ஒவ்வொருத்தியாக ஜெபக்குறிப்பு சொன்னார்கள். ஒருத்தியின் மகனுக்கு விசா. ஒருத்தியின் தம்பிக்கு சிறுநீரகக் கல், இடதுபக்கம். இன்ன ஆஸ்பத்திரி, இன்ன டாக்டர், அவர் கொஞ்சம் கோபக்காரர் என்பது வரைக்கும் வந்தது. கடவுளுக்கு முகவரி தவறிவிடக் கூடாது என்பதுபோல அவ்வளவு திருத்தம். மகனுக்கு வேலை கிடைத்ததற்கு ஒருத்தி நன்றி சொன்னாள். கம்பெனி பெயர் சொன்னாள், எத்தனையாவது மாடி என்றுகூடச் சொன்னாள். சம்பளம் என்று வந்தபோது, "குறைவில்லாம தந்தாரு," என்று முடித்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. நோவைச் சொல்லலாம், சொன்னால் பத்துப்பேர் சுமப்பார்கள். சம்பளத்தைச் சொன்னால் பெருமையடிப்பதாகிவிடும். சத்தியபாயும் அப்படித்தான் வளர்ந்தாள்.

எல்லோரும் கண்மூடிச் சேர்ந்து ஜெபித்தபோது அவள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மூடினால் எதையாவது தவறவிட்டுவிடுவோம் என்ற பயம். அது தொழிலால் வந்ததா, தொழிலுக்கு முன்பே இருந்து அவளை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததா என்று அவளுக்கே விளங்கவில்லை. மூடிய கண்களுக்குள் இந்தப் பெண்களின் முகம் எவ்வளவு காவல் இல்லாமல் இருக்கிறது! பார்க்கக் கூடாததைப் பார்க்கிறோம் என்று இருந்தது. ஆமென் சொல்லி முடித்த பிறகு, மஸ்கட்டின் ஆமென் தனியாகப் பிந்தி வந்து சேர்ந்தது.

அப்போது போனில் ஒரு இளங்குரல் கேட்டது.

"மைனி, பாளையங்கோட்டையிலேர்ந்து ஜாஸ்மி. ஜெபம் கேக்கப்பட்டதுக்கு நான் ஒரு சாட்சி சொல்லட்டா?"

"சொல்லு மக்கா," என்றாள் ரெனிஷா.

"நீங்க ஒரு அம்மைக்காக ஜெபிக்கச் சொன்னியல்லா? சிவபிரசாத்னு பந்து சொல்லிக்குடுக்குத ஒரு அண்ணனுக்க அம்மை. முட்டு வய்யாம, படி ஏற ஒக்காம. கேட்ட அன்னைக்கு எனக்கு ஒறக்கமே வரல்ல மைனி. எங்க வீட்டுக்காரருட்ட சொன்னேன், நம்ம தெருவுல ஒரு கீழ்வீடு சும்மாதானே கெடக்குன்னு. அவரே போன் போட்டு வரவச்சு, வீட்டயும் எடுத்துக் குடுத்து, அந்த அண்ணனுக்கு வேலையும் குடுத்தாரு. நேத்து அந்த அம்மை முருங்கைக்கீர கொண்டுவந்து தந்தாவ. நடந்து வந்து தந்தாவ மைனி!"

"ஸ்தோத்திரம்!" என்றது அறை முழுவதும். சத்தியபாயின் வாயும் சொல்லிவிட்டது. மனம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

ரெனிஷா அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் மூக்கு சிவந்துவிட்டது. "கேட்டியளா யக்கா? அந்தத் தம்பி நம்ம வீட்ல இருந்து சாப்பிட்டுதுதான். பெறவு ஆளையே காணோம். இவருட்ட கேட்டா வாயே தொறக்க மாட்டாரு. பாத்தியளா, ஆண்டவரு எங்க கொண்டு சேத்தாருன்னு!"

கூட்டம் கலைந்ததும் சத்தியபாய் சமையலறைக்குப் போனாள். ரெனிஷா சாயாவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜாஸ்மிக்க வீட்டுக்காரருக்கு என்ன வேல?"

"எபினுக்கா? ஏதோ வெளையாட்டுக் கம்பெனியில ஆபீஸ் உத்தியோகம். நான் கூடுதலா கேக்கல்ல யக்கா. வேலையக் கேட்டா சம்பளத்தக் கேக்குத மாதிரில்லா இருக்கும்."

"செல்வதாஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாரா? ஆபீஸ் காரியம்?"

"இவரா!" ரெனிஷா சிரித்தாள். "ஆபீஸ் காரியத்த செருப்போட வெளியதான் விட்டுட்டு வருவாரு. யாரு வந்தா, யாரு போனா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அவ்வளவு ஒழுங்கு. சாப்பிட வாறவங்கட்ட நானா கேட்டாத்தான் உண்டு. பாவம், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பாரம்."

முருகதாசின் மகள், சுஜினின் மனைவி. அந்தப் பாரங்களும் இந்தப் பாய் வழியாகத்தான் போயிருக்கின்றன என்று கேட்காமலே தெரிந்தது. சாயா குடித்தாள். நல்ல சாயா. பாதியில் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

*

காரில் ஏறியதும் ஷைஜுவிடம் சொன்னாள். அவன் ஒரு விசில் அடித்தான். "உளவாளியப் புடிச்சாச்சு! வெலங்கு மாட்டணும்னா பதினஞ்சு சோடி வேணும் யக்கா. மஸ்கட்டுக்கு ரெண்டு பார்சல் அனுப்பணும்."

அவள் சிரிக்கவில்லை. 

"அந்த எபின் மட்டும் சும்மா புண்ணியவானா?" என்றான்.

"மொதல்ல தெரியாம இருந்திருக்கும். மூணாவதுக்குள்ள வெளங்கியிருக்கும். ஆனா நடக்க முடியாத கெழவிக்கு வீடு எடுத்துக் குடுத்தான்னு சொல்லி யாரு மேல மக்கா கேசு போடுவ?"

இருந்தாலும் தக்கலை தாண்டும்போது அவளுக்குள் ஒரு தெம்பு வந்திருந்தது. செல்வதாஸ் ஒன்றையும் விற்கவில்லை. சம்பளத் தொகை ஒருபோதும் வெளியே போகவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், அவர் பெயர் துலங்கிவிடும். எத்தனையோ வீடுகளுக்கு அவள் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு இறங்கும்போது உள்ளே அழுகைதான் கேட்கும். ஒரு தடவையாவது அது ஒரு ஆளைக் காப்பாற்றட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

குலசேகரத்தில் நாராயணபெருமாளின் கிட்டங்கியில் ரப்பர் ஷீட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. புகைபோட்ட ரப்பரின் வாடை மூக்கில் ஏறியது. முதலாளி மின்விசிறிக்குக் கீழே, சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. செல்வதாஸ்தானே?"

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். காரியம் வெளிய போயிருக்கு, ஆனா யாரும் விக்கல்ல, யாருக்கும் பைசா கெடைக்கல்ல, போனது அவருக்கே தெரியாதுன்னு வச்சுக்கிடுங்க. அப்பம்?"

நாராயணபெருமாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர்.

"உங்ககிட்ட சொல்லாத ஒரு காரியம் உண்டு. செல்வதாசுக்கு மூணு சீசனுக்கு ஒப்பந்தம். ஒண்ணு முடிஞ்சு, ரெண்டு பாக்கி. முடிஞ்ச சீசன்ல ஒத்த மேட்ச் ஜெயிக்கல்ல நாம. நான் அவர மாத்தணும். சும்மா மாத்துனா பாக்கி ரெண்டு சீசன் சம்பளத்தையும் எண்ணி வைக்கணும். இந்தத் தொழில்ல அதுதான் மொறையாம். காரியம் அவரு வழியா வெளிய போச்சுன்னா மட்டும் ஒத்தப் பைசா குடுக்கண்டாம்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வித்தாரா, சும்மா விட்டாரா, அறிஞ்சாரா, அறியாம போச்சாங்கிறதெல்லாம் உங்க கோயில்ல கேக்க வேண்டிய கேள்வி. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அவருக்க வீட்டு வாசல் வழியா போச்சா, இல்லியா?"

சத்தியபாய்க்கு அப்போதுதான் புரிந்தது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவளை வைக்கவில்லை. கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க வைத்திருந்தார்கள். பாதுகாத்துக் கொண்டுவந்த உண்மை, அந்தக் காரணமாகவே கையில் இருந்தது.

"ஒண்ணும் சிக்கல்ல அண்ணாச்சி," என்றாள். இத்தனை வருஷத் தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் அறிக்கை.  "மூணு பேருட்டயும் விசாரிச்சேன். அவங்கவங்க வசதிக்கு அவங்கவங்க போயிருக்கினும். நம்ம சம்பளம் அங்க யாருக்கும் தெரியாது. செல்வதாஸ் மேல ஒரு பிழையும் இல்ல."

"உள்ளதாட்டா?"

"உள்ளதுதான்."

 "செரி," என்றார் முதலாளி, வாயெல்லாம் கசந்தவர்போல. "அப்பம் ரெண்டு சீசனும் அவர வச்சுத்தான் கழிக்கணும். ரப்பர் வெல போற போக்குல, வீட்டுக்கு அனுப்பிச் சம்பளம் குடுக்க என்னால முடியாது."

ஜெயித்துவிட்டோம் என்று சத்தியபாயின் நெஞ்சு ஒருமுறை துள்ளியது. வாசலில் ஷைஜு யாரிடமோ, "இப்பம் போகண்டாம் சார், பைய... சார்!" என்று மல்லுக்கட்டுவது கேட்டது. அவனைத் தள்ளிக்கொண்டு செல்வதாஸ் உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, எங்க வீட்லேர்ந்துதான் போயிருக்கு."

"தங்கச்சி அப்படிச் சொல்லல்லயே," என்றார் நாராயணபெருமாள்.

செல்வதாஸ் சத்தியபாயைப் பார்த்தார். அவள் ரப்பர் அடுக்கைப் பார்த்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. "எனக்காகச் சொன்னியளாக்கும் யக்கா," என்றார் மெதுவாக. பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

"ரெனிஷா இப்பம் போன் போட்டா. ஜெபம் கேக்கப்பட்டுதுன்னு அவ்வளவு சந்தோசம். எபினுக்க பேரக் கேட்டதும் எனக்கு எல்லாம் தெளிஞ்சு. ஆபீஸ் ரகசியம் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு நான் அவளுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. எதிராளி யாருன்னுகூடச் சொல்லல்ல. சொல்லியிருந்தா அவ வாயத் தொறந்திருக்கவே மாட்டா. காக்கேன் காக்கேன்னு நான்தான் கெடுத்தது."

"செல்வதாஸ், நீங்க பேசாம இருங்க," என்றாள் சத்தியபாய்.

"ஒக்காது யக்கா. தெரிஞ்சும் அந்தச் சம்பளத்த வாங்கித் திங்க எனக்கு ஒக்காது." அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நானா வெலகுனதா இருக்கட்டும் அண்ணாச்சி. பாக்கி ஒண்ணும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். ரெனிஷாவுக்கு இது தெரியப்பிடாது. தெரிஞ்சா அவ இனி ஒரு மனுசனுக்காகவும் ஜெபிக்க மாட்டா. அவளுக்கு அது போச்சுன்னா பெறவு ஒண்ணுமில்ல."

நாராயணபெருமாள் மேல் பொத்தானை மாட்டப் பார்த்தார். விரல் நழுவியது. வேண்டாம் என்று சொல்லிவிட அவருக்கும் ஒரு கணம் தோன்றியிருக்கும். முகத்தில் அது வந்து போனதைச் சத்தியபாய் கண்டாள்.

"தோஹாவுல திரும்ப எடுப்பானா?" என்று கேட்டார்.

"எடமில்லன்னு சொல்லியாச்சு."

"செரி," என்றார் முதலாளி. 

*

"எங்கூட வீடு வரைக்கும் வரணும் யக்கா," என்று கேட்டார் செல்வதாஸ். "தனியா போனா எனக்க முகத்தப் பாத்தே அவ கண்டுபிடிச்சிருவா."

ஷைஜு காரைச் செல்வதாசின் வீட்டு வாசலோரமாக நிறுத்தினான்.  

ரெனிஷா வாசலுக்கே வந்தாள். கணவனையும் சத்தியபாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேலைய விட்டாச்சு ரெனிஷா," என்றார் செல்வதாஸ், செருப்பைக் கழற்றாமலே.

"என்னத்துக்கு?"

"ஒத்துவரல்ல. டீம் ஒத்த மேட்ச் ஜெயிக்கல்ல. நானே சொல்லிட்டு வந்தாச்சு."

அவள் சத்தியபாயின் பக்கம் திரும்பினாள். "உள்ளதா யக்கா? வேற ஒண்ணும் இல்லியே?"

ஒரே நாளில் இரண்டாவது பொய். முதலாவதைவிட இது கனத்தது.

"வேற ஒண்ணும் இல்ல."

ரெனிஷா நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள், புது வீட்டின் சுவர், பெயின்ட் வாடைகூட முழுதாகப் போகவில்லை. சத்தியபாய் அழுகைக்குக் காத்திருந்தாள். அழுகை வரவில்லை. ரெனிஷா முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேசை மேலிருந்த போனை எடுத்து, புதன்கிழமைக் கூட்டத்துப் பெண்கள் எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்தாள்.

"ரெனிஷா, இப்பம் என்னத்துக்கு..." என்றார் செல்வதாஸ்.

"பின்ன எப்பம்?" என்றாள் அவள். ஒவ்வொரு குரலாக வந்து சேர்ந்தது. "பிள்ளையளே, எனக்க வீட்டுக்காரருக்கு வேல போச்சு. வீட்டுக் கடன் நிக்கி. நல்ல ஒரு எடம் கெடைக்கணும். ஜெபிச்சுக்கிடுங்க."

முதலில் பேசியது பாளையங்கோட்டைதான்.

"அய்யோ மைனி! அண்ணனுக்கா? நான் இப்பமே எங்க வீட்டுக்காரருட்ட சொல்லுகேன்."

செல்வதாஸ் சத்தியபாயைப் பார்த்தார். தன்னைத் தோற்கடித்த ஆபீசிலிருந்து, அந்த எபினின் வாயிலிருந்து, நாளைக்கு ஒரு போன் வரும். அன்போடுதான் வரும். வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு காரணம் உண்டு. அது அந்த அறையில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேராலும் அதை வெளியே எடுக்க முடியாது.

ரெனிஷா கண்களை மூடி, கணவனின் முழுப்பெயரையும் சொல்லி, ஜெபிக்கத் தொடங்கினாள்.